சப்பரம் நின்ற வாசல்

ஆடி மாதத்தில் தெருவைக் கூட்டுகிறவர்கள் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று கூட்ட வேண்டும். மொரப்பூரில் பாதிப் பேருக்கு இது தெரியாது. எதிர்த்து நின்று கூட்டிவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, எவ்வளவு கூட்டினாலும் தெரு சுத்தமாகவில்லை என்பார்கள்.

ஐயா, நடந்ததை வரிசையாக எழுதச் சொல்லிக் காகிதம் கொடுத்தீர்கள். வரிசையாக எழுதுவது எனக்குப் பழக்கம்தான். என் பெயர் ராஜப்பன். வயது இருபத்திரண்டு. ரயில்வே ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் புளி மூட்டைகளுக்கும் கடலை மூட்டைகளுக்கும் மையால் எண் போடும் வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு, மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் உபதேசியார் சவுரியப்பன் நடத்தும் வகுப்புக்குப் போவேன். அந்த வகுப்பில் எல்லோரும் நாட்குறிப்பு எழுத வேண்டும். அன்றைக்குச் செய்த காரியம் ஒரு பத்தி, அதில் ஏதாவது சந்தேகம் இருந்தால் கீழே ஒரு வரி. சனிக்கிழமை தோறும் உபதேசியார் வாங்கித் திருத்துவார். மற்றவர்கள் சந்தேகத்துக்கான வரியைக் காலியாக விட்டுவிடுவார்கள். என் நோட்டில் அந்த வரி ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை.

எங்கள் தெருவின் கடைசி வீடு கஸ்பார் தாத்தாவுடையது. ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தண்டவாளத்தில் நடந்த காலத்தில் ஒரு நாய்க்குட்டி பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டது. ரயிலின் கடைசிப் பெட்டியில் வரும் கார்டைப் போல எப்போதும் கடைசியாக வருவதால் அதற்குக் கார்டு என்று பெயர் வைத்தார். இப்போது அதற்கும் பதினான்கு வயது. தாத்தாவுக்கு முழங்கால் மடங்காது, குனிய முடியாது. அவர் மனைவி ராஜமேரி ஆயாவுக்குக் குனிய முடியும், கண் தெரியாது. கார்டு வாசலிலேயே வெளிக்குப் போய்விடும். கிழவரும் கிழவியும் சேர்ந்து அதை அள்ளுவதைப் பார்க்கத் தெருப்பிள்ளைகள் கூடிவிடுவார்கள். தாத்தா வாசற்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்து வழி சொல்வார். ஆயா ஒரு கையில் கொட்டாங்கச்சி, ஒரு கையில் சாம்பலோடு தடவித் தடவிப் போவார்.

"இன்னும் ரெண்டு எட்டு முன்னாடி போ. அட, சோத்தாங்கைப் பக்கம்."

"ஒழுங்காச் சொல்லுங்க. ரயிலுக்கா கொடி காட்டறீங்க?"

"நில்லு, நில்லு. போச்சு, மிதிச்சிட்டே."

"மிதிச்சா எனக்கே தெரியுது. மிதிக்கறதுக்கு முன்னாடி சொல்லத்தான் உங்கள உக்கார வெச்சிருக்குது."

நானும் சிரித்திருக்கிறேன். அதை மறைக்கவில்லை.

சென்ற ஆண்டு, 1943 ஆகஸ்டில், மாதா திருநாள் சப்பரம் அந்த வாசலுக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. எங்கள் தெருவில் சப்பரம் ஒவ்வொரு வாசலிலும் நிற்கும். வீட்டுக்கு மூத்தவர் மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு வந்து மாதாவின் பாதம் தொடுவார். தூக்குகிறவர்கள் வெறுங்காலோடு நடப்பார்கள். முன்கொம்பு பிடித்தவன் கார்டு போட்டு வைத்ததை மிதித்து வழுக்கினான். சப்பரம் சாய்ந்து மாதாவின் கிரீடம் மண்ணில் விழுந்தது. இந்த ஆண்டு ஜூன் மாதம் கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். திருநாள் வரைக்கும் அந்த வாசலில் அசிங்கம் கண்ணில் பட்டால், சப்பரம் அதற்கு முந்திய வீட்டோடு திரும்பிவிடும். சப்பரம் நிற்காத வாசலுக்குச் சாவு விழுந்தாலும் நாலு பேர் யோசித்துத்தான் வருவார்கள்.

கஸ்பார் தாத்தா முப்பத்தோரு வருஷம் முன்கொம்பு தூக்கியவர். அன்றைக்குத் தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார்.

"தோள்ல காய்ச்ச எடம் இன்னும் அப்படியே இருக்குது. எம் வாசல்ல நிக்காதுன்னா நான் உசுரோட இருந்து என்னாத்துக்கு?"

"அப்ப நாயை ரயிலேத்தி வுட்டுருங்க மாமா. சேலம் போயி பொழச்சிக்கும்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். தாத்தா சிரிக்கவில்லை.

நான் எழுந்து, "நான் பாத்துக்கறேங்க" என்றேன். அந்த முற்றத்தில் என் குரலை அதுவரை யாரும் கேட்டதில்லை. உபதேசியார் என்னைத் திரும்பிப் பார்த்து, "ராஜப்பன் சொன்னா செய்வான்" என்றார். அன்றைய நாட்குறிப்பில் அந்த வாக்கியத்தை மட்டும் எழுதினேன். சந்தேகம்: என்னால் முடியுமா?

வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வகுப்புக்குப் போகுமுன் ஒரு தடவை வாசலைச் சுத்தம் செய்தேன். ஒரு வாரம் குறித்து வைத்துப் பார்த்ததில், கார்டு ஒரு நாளைக்கு மூன்று முறை வெளிக்குப் போவது தெரிந்தது. இரண்டு முறைக்கு நான் இருந்தேன். நடுப்பகலில் போவதுதான் சிக்கல். ஆயா அதை அள்ளப்போய் வாசல் முழுக்க இழுகிவிடுவார். காலையில் அவர்கள் அதற்குக் களி உருண்டை வைத்தார்கள். உள்ளே போவதுதானே வெளியே வருகிறது. நான் சொன்னது அவ்வளவுதான்.

"ஆயா, திருநாள் வரைக்கும் ஒருசந்தி இருப்போம். கார்டும் இருக்கட்டும்."

ஒருசந்தி என்றால் ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் சாப்பிடும் உபவாசம். உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், எங்கள் கோயிலில் வழக்கமாகச் சொல்லும் சொல்.

ஆயா பொக்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நாயிக்கு ஒருசந்தியா? அதுக்கு ஞானஸ்நானம் யாரு சாமி குடுத்தாங்க?"

"விடு. எனக்கு முன்னாடி அது மோட்சம் போயிரும்போல" என்றார் தாத்தா.

சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். காலைக் களி நின்றது. கார்டு பக்கத்து வீட்டுப் பாக்கியமேரி அக்காவின் புழக்கடையில் நுழைந்து பானையை உருட்டியது, அங்கேயே அசிங்கமும் செய்தது. ஆகவே கட்டிப்போட்டேன். பிறகு சாயங்கால உருண்டையைப் பாதியாக்கினேன், பிறகு அதிலும் பாதி. ஆயா கையால் உருட்டிக் கொடுப்பதை நான் வாங்கிப்போய் வைப்பேன், ஆகையால் அளவு அவருக்குத் தெரியாது. ஜூன் கடைசியில் ஒரு நாளைக்கு ஒரு முறை ஆனது. ஜூலை முதல் வாரத்தில் இரண்டு நாளைக்கு ஒரு முறை. சந்தேகம் என்ற இடத்தில், "என்னைக் கண்டால் நாய் இப்போதெல்லாம் எழுந்திருப்பதில்லை, இது சரியா?" என்று எழுதினேன். உபதேசியார் அந்தப் பக்கத்தில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி, ஓரத்தில் சிவப்பு மையால் "நன்று" என்று போட்டிருந்தார். கேள்விக்கு அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூலை ஒன்பதாம் தேதி காலையில், கயிறு எட்டும் தூரம் வரை வந்து, வீட்டுக் கதவுப் பக்கம் தலையை நீட்டியபடி கார்டு செத்துக் கிடந்தது. வயதாகிவிட்டது என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை. ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் வேலமரத்தடியில் புதைத்தேன். அன்றைக்கு வாசல் காலையிலும் மாலையிலும் சுத்தமாக இருந்தது.

அத்தோடு முடிந்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். நாய் போனபின் தாத்தா கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. முழங்காலோடு இடுப்பும் விழுந்துவிட்டது. புழக்கடை வரை போக முடியாமல் பாயிலேயே எல்லாம் ஆனது. ஆயா துணிகளை எங்கே அலசுகிறோம் என்று தெரியாமல் வாசலில் அலசுவார். அந்தத் தண்ணீர் தெருவில் ஓடும். பாக்கியமேரி அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "நாயி போயும் வாசல் நாறுதே ஆயா" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர் அப்படித்தான் பேசுவார். வகுப்பில் உபதேசியார், "என்னா ராஜப்பா, இன்னும் பதினஞ்சு நாளுதான் இருக்குது" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. என்னை யாரும் எதையும் செய்யச் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அருவருப்பு கிடையாது. பாயை நான்தான் கழுவினேன், தாத்தாவையும் நான்தான் துடைத்தேன். ஆனால் காலை எட்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை நான் ஷெட்டில் இருக்க வேண்டும். தாத்தாவுக்கு ஒரு நாளைக்கு நான்கு முறை ஆயிற்று. நாய்க்கு வந்த அதே சிக்கல்தான், அதைவிட ஒரு முறை கூடுதல்.

"இனி தாத்தாவுக்கு நான் ஊட்டறேன் ஆயா, உங்களுக்குக் கண்ணு தெரியாம கீழ சிந்துது" என்றேன். விடிகாலையில் கேழ்வரகுக் கூழ் காய்ச்சிக் கிண்ணம் நிறைய என் கையில் கொடுத்துவிட்டு, ஆயா அடுப்படிக்குப் போய்விடுவார். தன் பங்கையும் அதில் ஊற்றியிருப்பார் என்று கிண்ணத்தின் கனத்திலேயே தெரியும். நான் இரண்டு கரண்டி ஊட்டுவேன். மீதியை லைன் ஓரம் கொட்டிவிட்டு வந்து, "முழுசும் குடிச்சிட்டாருங்க" என்பேன்.

"மவராசனா இருப்பே சாமி. நாங்க பெத்த புள்ளை உசுரோட இருந்தாக்கூட இப்படி ஊட்டியிருக்க மாட்டான்."

அந்தக் கூழில் ஒரு சொட்டு நான் குடித்ததில்லை. தானியத்துக்கு மக்கள் வரிசையில் நிற்கிற வருஷம் இது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் தாத்தா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "டேய், அவ்வளவுதானா? கிண்ணத்தைக் காட்டு."

"ஒருசந்தி தாத்தா. வாசல் சுத்தமா இருந்தாத்தான் சப்பரம் நிக்கும்."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு பிடியை விட்டார். "நிக்குமா?"

"நிக்கும்."

"சரி. அவகிட்டச் சொல்லாதே. அழுவா."

அவர் சம்மதித்தார் என்று இதை வைத்துத்தான் சொல்கிறேன். அன்றைய நாட்குறிப்பில், "கூழ் இரண்டு கரண்டி. பாய் இரண்டு முறை. வாசல் சுத்தம். சந்தேகம்: சம்மதம் ஒரு முறை வாங்கினால் போதுமா, தினமும் வாங்க வேண்டுமா?" என்று எழுதியிருக்கிறேன். அதற்கும் ஓரத்தில் "நன்று" இருக்கிறது.

தினமும் வாங்கவில்லை. ஐந்தாறு நாளுக்குப் பிறகு அவர் தண்ணீர் மட்டும்தான் கேட்டார். பாய் நனைவது தண்ணீரால்தான். ஆகஸ்ட் எட்டாம் தேதியிலிருந்து அதையும் குறைத்தேன். தண்ணீர் கொடுத்தால் நெஞ்சில் சளி கட்டும் என்று கம்பவுண்டர் சொன்னதாக ஆயாவிடம் சொன்னேன். எந்தக் கம்பவுண்டரையும் நான் போய்ப் பார்க்கவில்லை. ஆயா ஈரத்துணியால் அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டே கட்டிலோரம் உட்கார்ந்திருப்பார். "பொறுத்துக்கங்க, உங்க நல்லதுக்குத்தான் புள்ளை சொல்லுது" என்பார். அதை நான் தடுக்கவில்லை.

பதினைந்தாம் தேதி பகலில் இரண்டு முறை கூட்டி, நீர் தெளித்து வைத்தேன். பொழுது சாயும் நேரத்தில் சப்பரம் வந்தது. கட்டிலை வாசல் ஓரத்துக்கு இழுத்துப் போட்டிருந்தேன். தூக்கியவர்களின் வெறுங்கால்கள் எட்டும் வந்து வரிசையாக நின்றன. ஆயா மெழுகுவத்தியோடு தடவிப் போய் மாதாவின் பாதத்தைத் தொட்டு, அந்தக் கையைக் கொண்டுவந்து தாத்தாவின் நெற்றியில் வைத்தார். தாத்தா கண்ணைத் திறந்திருந்தார். பார்த்தாரா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உபதேசியார் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். என் வாழ்நாளில் அப்படி ஒரு மகிழ்ச்சி இருந்ததில்லை.

சப்பரம் கோயிலுக்குத் திரும்புவதற்குள் அவர் இறந்துவிட்டார். பாய் உலர்ந்திருந்தது.

மறுநாள் காலை, குளிப்பாட்டும்போது, ஆயாவின் கை அவர் மார்பில் நின்றுவிட்டது. விலா எலும்பை ஒவ்வொன்றாகத் தடவினார். வயிறு இருந்த இடத்தைத் தடவினார். முகத்தை நான் நின்ற பக்கம் திருப்பினார்.

"சாமி, நீ ஊட்டுனதெல்லாம் எங்க போச்சு?"

பாக்கியமேரி அக்கா வந்து துணியை விலக்கிப் பார்த்துவிட்டுத் தெருவைக் கூப்பிட்டார். உபதேசியார் பள்ளி அலமாரியிலிருந்து என் நோட்டை எடுத்து முதலிலிருந்து படித்தார் என்றும், படித்துவிட்டு அழுதார் என்றும் கேள்விப்பட்டேன். அவரே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் கொடுத்திருக்கிறார். வாரத்துக்கு ஒரு "நன்று" அதில் இருக்கும். அவரைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை.

நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் ஒருசந்திக் கடமை கிடையாது. இது எனக்குத் தெரியும். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் உபதேசியார் வகுப்பில் சொன்னதை நானே அந்த நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். தெரிந்தேதான் கார்டைப் பட்டினி போட்டுக் கொன்றேன். தெரிந்தேதான் கஸ்பார் தாத்தாவுக்குச் சோறும் தண்ணீரும் கொடுக்காமல் கொன்றேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லை. புத்தி தெளிவாக இருந்தது. கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. ராஜமேரி ஆயாவால் இப்போது எழுந்திருக்க முடியவில்லையாம். பாக்கியமேரி அக்கா தன் வீட்டுக்குக் கொண்டுபோய், பரிதாபப்பட்டு, மூன்று வேளையும் ஊட்டுகிறாராம். அக்காவுக்கும் வீட்டுவேலை, காட்டுவேலை எல்லாம் உண்டு. பகலில் யார் சுத்தம் செய்வார்கள் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. ஒரு வேளை போதும் என்று நீங்களாவது அவரிடம் சொல்லுங்கள், ஐயா.