அம்மனுக்கு எடை கூடிப்போச்சாம்

புலாவ் செபாங் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி மடியில் பூமாலை. மூத்தவள் தொழிற்சாலைச் சட்டை போட்டிருந்தாள். ஊரார் பேச்சுக்குக் காது கொடுக்கிற வழக்கம் எனக்கில்லை. மாலைக்காரி சொன்னதைக் கேட்டதும் காது தானாக அந்தப் பக்கம் போய்விட்டது.

"இந்த வருசம் நம்ம எஸ்டேட் மாரியம்மனுக்கு எடை கூடிப்போச்சாம், அக்கா."

"என்னா புள்ள சொல்ற?"

"தேரு ஆத்துப் பாலத்துல ஏறக்கூடாதாம். பழைய பாலம், பாரம் தாங்காதுன்னு ஆபிஸ்ல போர்டு வச்சிட்டாங்க."

"எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏத்திக்கிட்டு டிராக்டரு தினமும் அதுலதானே போவுது?"

"இன்னிக்கும் போச்சு. தேர இழுக்கிறதும் அதே டிராக்டர்தான். பழத்த இழுத்தா தாங்குமாம், சாமிய இழுத்தா ஒடிஞ்சிடுமாம்."

"கோயில் தலைவரு கேக்கலயா?"

"கேட்டாரு லா. பழம் காத்திருந்தா கெட்டுப்போயிடும், சாமி கெட்டுப்போவாதுன்னு மானேஜரு சொன்னாராம். இவரும் தலையாட்டிட்டு வந்துட்டாரு."

மூத்தவள் சிரித்தாள். மற்றவள் சிரிக்கவில்லை.

"அப்ப பாலத்துக்கு அந்தாண்ட இருக்கிற உங்கம்மா? அதால நடக்க முடியாதே."

"தேரு வாசல்ல வந்து நின்னாத்தான் அது சாமி பாக்கும். இன்னிக்குத் தேருன்னு விடியறப்பவே குளிப்பாட்டச் சொல்லி, பட்டுச் சேல கட்டி, அர்ச்சனைத் தட்ட மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கு."

"வராதுன்னு சொல்லிட்டியா?"

"இல்லக்கா. சாமிக்குப் போட மாலை வாங்கிட்டு வரச் சொல்லிச்சு. சரிம்மான்னு கிளம்பி வந்துட்டேன்."