தூரத்துக்கு மட்டும்

அட, பயப்படாதீங்க, கண்புரை ஆபரேஷன் இப்பல்லாம் பத்தே நிமிஷம்தான். எங்க வீட்டுக்காரரை இப்பதான் உள்ள கூட்டிட்டுப் போனாங்க. அந்த நீலத் தொப்பியை மாட்டினதும் என்னமோ மாப்பிள்ளை மாதிரி ஒரு மிடுக்கு. உங்களுக்கு யாரு உள்ள? மாமியாரா? அப்ப ஆபீசுக்கு லீவா? அரை நாளா!

சிரிக்கலைங்க. அரை நாள்னதும் வயிறு எரிஞ்சுது, அவ்வளவுதான்.

என் மாமியாருக்கும் இதே புரைதான். நான் கல்யாணமாகி வந்த மூணாம் மாசம். அப்பல்லாம் பாதிக் கண்ணைச் சுத்திக் கிழிச்சு, புரையை முழுசா எடுத்துட்டு, அஞ்சாறு தையல் போடுவாங்க. தையல் பிரிஞ்சிடும்னு நாப்பது நாள் குனியக் கூடாது, தும்மக் கூடாது, தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாது. எல்லாத்துக்கும் நான். அவங்களுக்குத் தும்மல் வந்தாலும் நான் மிளகாய் வறுத்ததுதான் குத்தம்.

அதுல பதிமூணாவது நாள் நான் வேலையில சேரணும். நான் படிச்ச கான்வென்ட்லயே டீச்சர் வேலை. சிஸ்டர் கைப்பட எழுதின ஆர்டர். வேலை எங்க ஓடிடப் போகுது, அம்மாவுக்குக் கண்ணு போனா வருமான்னார் இவர். கண்ணு போகலை. வேலைதான் ஓடிப்போச்சு.

இப்பப் பாருங்க, ஊசிகூடக் கிடையாது, சொட்டு மருந்துலயே மரத்துப்போகுது. கீறல் ஒரு அரிசி அகலம். உள்ளேயே உடைச்சு உறிஞ்சிட்டு, மடிச்ச லென்ஸை விட்டா அதுவே விரிஞ்சுக்குதாம். தையலும் இல்லை, ஒண்ணும் இல்லை. சாயங்காலம் டிவி பாக்கலாம்மான்னு டாக்டர் சிரிக்கிறார். எனக்கு அழறதா அறையறதான்னு தெரியலை.

இன்னொரு கூத்து கேளுங்க. லென்ஸ் தூரத்துக்கு வேணுமா, கிட்டத்துக்கு வேணுமான்னு இப்ப நம்மையே கேக்கறாங்க இல்ல? தூரத்துக்கேன்னுட்டார் இவர். அப்ப படிக்கக் கண்ணாடி போடணுமேன்னார் டாக்டர். கண்ணாடி எதுக்கு டாக்டர், பேப்பர் படிக்க, மாத்திரைச் சீட்டு பாக்க, அதான் இவ இருக்காளேன்னார். நானும் பக்கத்துல ஸ்டூல் மாதிரி உக்காந்திருந்தேன்.

அப்புறம் விடற சொட்டு மருந்தா? ஆமா, அது மட்டும் மாறலை. ஒரு நாளைக்கு ஆறு வேளை, ஒரு மாசம். உங்க மாமியார் தானே விட்டுப்பாங்களா? குடுத்து வெச்சவங்க நீங்க. இவருக்கும் நேத்து வெறும் தண்ணியை வெச்சு, நிலைக்கண்ணாடி முன்னாடி நிக்கவெச்சுப் பழக்கினேன். நீ எதுக்கு இருக்கேன்னார். சும்மாதான், பழகிக்குங்கன்னேன்.

அதோ, கூப்பிடறாங்க. வரேங்க. என்ன, பையை இப்படிக் கட்டிப் பிடிச்சிருக்கேனேன்னு பாக்கறீங்களா? ஆர்டர் இருக்கு. அதே ஸ்கூல்தான். டீச்சர் இல்லை, அந்த வயசு போயிடுச்சு. லைப்ரரியில. திங்கட்கிழமை சேரணும். இவர்கிட்ட இன்னும் சொல்லலை. எதுக்குச் சொல்லணும்? தூரத்து லென்ஸுதானே? வாசல்ல நின்னா, நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து போறது நல்லாவே தெரியும்.