மனசில்லாத ஜடம்

உங்கள் ஸ்டேஷன் நாற்காலி பரவாயில்லை சார். மேடை நாற்காலிகள்தான் முதுகை ஒடித்துவிடும்.

என் தொழில் பேச்சு. 'இயந்திரத்துக்கு மூளை உண்டு, மனசு உண்டா?' என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் மௌனமாக நிற்பேன். பிறகு அம்மாவைப் பற்றிச் சொல்வேன். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். இப்படி ஊர் ஊராக அம்மாவைப் பற்றிப் பேசியதில், அம்மாவோடு பேச நேரமில்லாமல் போயிற்று.

தனியாக இருந்தாள். நான் மேடையேறும் நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவாள். குழாய் ஒழுகுகிறது, பக்கத்து வீட்டுக்காரி முறைக்கிறாள். செயற்கை நுண்ணறிவு ஒன்றுக்கு என் குரலைப் பழக்கி, அவள் அழைப்புகளுக்குப் பதில் சொல்ல வைத்தேன். அது குழாயைப் பற்றி அக்கறையாக விசாரித்தது. முட்டிவலியை ஞாபகமாகக் கேட்டது.

சில நாளில் அம்மா அதனிடமே கேட்டுவிட்டாள். "யாருப்பா நீ? என் புள்ள இவ்ளோ நேரம் பேச மாட்டானே."

கெட்டிக்காரி. என் பழைய அழைப்புகளையெல்லாம் அதற்குக் கொடுத்து, 'என்னைப் போலவே பேசு' என்றேன். அடுத்த அழைப்பிலேயே, "ம்... சரிம்மா... அப்புறம்?" என்று இழுத்தது. அம்மா சிரித்தாள். "இப்பதான்டா நீ. உனக்கு உடம்புக்கு ஏதோன்னு பயந்துட்டேன்."

அன்று மேடையில் என் முறைக்காகக் காத்திருந்தபோது கைபேசியில் அதனிடமிருந்து செய்தி வந்தது: 'அம்மா குளியலறையில் விழுந்துவிட்டார். எழ முடியவில்லை. ஆம்புலன்ஸை அழைக்கவா?'

யார் கூப்பிட்டது என்று கேட்பார்கள். இயந்திரம் என்று தெரிந்தால் என் பிழைப்பு என்னாவது? அன்றைய தலைப்பே 'மனிதனுக்கு மாற்று இல்லை'. நீங்களே நியாயமாக யோசியுங்கள். 'வேண்டாம், என்னைப் போலவே பேசு' என்று தட்டினேன். மறுபடி மறுபடி கேட்டது சார். மனசில்லாத ஜடம், விட்டால்தானே. கைபேசியை அணைத்துவிட்டுப் பேசப் போனேன். நல்ல கைதட்டல்.

மேடையிலிருந்து இறங்கியதும் அந்த அழைப்பின் பதிவைக் கேட்டேன்.

"டேய், விழுந்துட்டேன்டா..."

"மீட்டிங்ல இருக்கேம்மா. அப்புறம் கூப்பிடறேன்."

அச்சு அசல் நான்.

"சரிப்பா, நீ வேலையைப் பாரு."

அப்போது போயிருந்தால்கூடப் பிழைத்திருப்பாள் என்கிறார் டாக்டர். கூட்டத்துக்குப் பிந்தைய விருந்துக்கு எனக்காகக் காத்திருந்தார்கள். போகவில்லை, யாரையும் அனுப்பவுமில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசிவரை அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. பெற்ற மகனோடுதான் பேசினோம் என்ற நிம்மதியோடு போனாள். அந்த ஆறுதலைக் கொடுத்தது இயந்திரமில்லை சார், நான்.