கடலைப் பார்த்து நிற்கும் மாதா

புதுக்குடியிருப்பில், பிள்ளைகளுக்கு நிறை பார்க்கும் கிளினிக் வரிசையில், எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

“மாதா எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு நிக்கிறா எண்டு இஞ்சத்தச் சனம் சிரிக்குது, அக்கா,” என்றாள் கைக்குழந்தையோடு நின்றவள்.

“சிரிக்கட்டும். ஊரிலயும் அவா கடலைப் பாத்துத்தானே நிண்டவா. தோணியள் திரும்பி வருமட்டும் பாத்துக்கொண்டு நிப்பா.”

“அங்க கோயில் வாசலே கடல் பக்கம். இஞ்ச நாங்கள் கோயிலெண்டு போட்ட கொட்டிலுக்கு வாசல் றோட்டுப் பக்கமெல்லோ. ஞாயிற்றுக்கிழமை பங்குச் சுவாமி மாதாவின்ர சுருவத்தை எங்கட பக்கம் திருப்பி வைக்கப் போறாராம்.”

“ஆர் கேட்டது?”

“தாய்மார் நாங்கள்தான். மாதாவுக்கு எங்களோட கோவமோ எண்டு என்ர மூத்தவள் கேக்கிறாள். அவள் இஞ்ச வந்து பிறந்தவள், கடலைக் கண்டதேயில்லை.”

மற்றவள் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள்.

“நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு என்ர மனிசன் கடலில, இன்னும் திரும்பேல்ல. மாதாவாவது அந்தாளைப் பாத்துக்கொண்டு நிக்கிறா எண்டு எனக்கொரு ஆறுதல்.”

“தெரியும் அக்கா. அதுதான் உங்களிட்டக் கேக்காமல் செய்ய மனம் வரேல்ல.”

இதைக் கேட்டுக்கொண்டு நிற்பது சரியில்லை என்று பட்டது. விலகினால் வரிசை போய்விடும். மகனைத் தோள் மாற்றிப் பிடித்தேன்.

“திருப்புங்கோ,” என்றாள் மற்றவள். “பிள்ளையளுக்கு அவவின்ர முகம் தெரியத்தான் வேணும். அண்டைக்கு மட்டும் நான் பூசைக்கு வரமாட்டன்.”