பதினாறு கிலோ

— இன்னும் கொஞ்சம் பின்னாடி தள்ளி உக்காருங்க சார். நெத்தி மட்டும்தான் தெரியுது.

— இப்ப பாருங்க டாக்டரம்மா. போனைச் சர்க்கரை டப்பா மேல சாத்தி வெச்சிருக்கேன். ஆள் முழுசாத் தெரியறேனா?

— தெரியறீங்க. முகம் ஏன் இப்படி வாடிப் போயிருக்கு?

— வாடினாத்தானே குறைஞ்சதுக்கு அர்த்தம்! பதினாறு கிலோ டாக்டரம்மா, அஞ்சே மாசத்துல. லிஃப்ட் ரிப்பேர் பாக்கறவன் நான். முன்னாடியெல்லாம் நான் ஏறினா ஆள் அதிகம்னு மணி அடிக்கும். கூட வேலை பாக்கறவனுங்க எனக்கு எடைக்கல்லுன்னே பேர் வெச்சிருந்தானுங்க. இப்ப அந்தப் பேரை என்ன பண்றதுன்னு முழிக்கறானுங்க.

— சந்தோஷம். ஆனா நம்ம வீடியோ கால் அடுத்த வாரம்தானே? இன்னிக்கே பேசணும்னு கேட்டிருக்கீங்க.

— ஒரு லெட்டர் வேணும். நீங்க அனுப்பற எடை குறைக்கற ஊசியால எனக்கு ஒரு கெடுதலும் இல்ல, ஆள் கிண்ணுன்னு இருக்கான்னு நாலு வரி. உங்க கையெழுத்தோட.

— யாருக்கு?

— ஆஸ்பத்திரிக்கு. மூட்டு வலி, அதான் எடை குறைக்கணும்னு உங்ககிட்ட சொன்னேன் பாருங்க, அது சும்மா. எங்க வீட்டுக்காரிக்கு நான் கிட்னி குடுக்கணும். பதினாறு கிலோ குறைச்சிட்டு வா, எடுத்துக்கறோம்னாங்க. குறைச்சிட்டுப் போனா, இப்ப வேண்டாங்கறாங்க.

— இவ்வளவு பெரிய விஷயத்தை ஏன் சார் முதல்லயே சொல்லல?

— சொன்னா யோசிப்பீங்க. அங்க எடை குறைக்கற டாக்டரைப் பாக்கவே நாலு மாசம் காத்திருக்கச் சொன்னாங்க. உங்ககிட்ட வந்தா மூணே நாள்ல ஊசி வீட்டுக்கே வந்துடுச்சு.

— சரி, என்ன காரணம் சொன்னாங்க?

— ரத்தத்துல ஏதோ சரியில்லையாம். மெஷின் கோளாறாத்தான் இருக்கும். ஆறு மாசம் முன்னாடி இதே ஆஸ்பத்திரிதான், உன் கிட்னி ரெண்டும் தங்கம்னு சொல்லிச்சு. தங்கம் எங்கயாவது துருப்பிடிக்குமா?

— ரிப்போர்ட் கையில இருக்கா? கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினின்னு ஒரு வரி இருக்கும். படிங்க.

— கண்ணாடியை எங்க வெச்சேன்... இருங்க. ரெண்டு புள்ளி மூணு.

— பழசுல?

— பழசுல பூஜ்யம் புள்ளி ஒம்பது.

— ரெண்டரை மடங்கு ஏறியிருக்கு சார். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கறீங்க?

— குடிக்கறேனே.

— எவ்வளவு?

— ரெண்டு டம்ளர் இருக்கும்.

— சிறுநீர்?

— காலையில ஒரு தடவை. பால் விடாத டீ மாதிரி.

— வாந்தி உண்டா?

— சேச்சே. அதெல்லாம் கிடையாது.

— சார், நேர்ல வந்திருந்தா நாக்கைப் பாத்திருப்பேன், வயித்தை அமுக்கிப் பாத்திருப்பேன். இங்க நீங்க சொல்றதை விட்டா எனக்கு வேற வழியில்ல. நிஜத்தைச் சொல்லுங்க.

— மெதுவாப் பேசுங்க. அவ உள்ள படுத்திருக்கா, டயாலிசிஸ் முடிஞ்சு வந்த அசதி. இருக்கு டாக்டரம்மா. வாந்தி இருக்கு.

— எத்தனை நாளா?

— மூணாவது மாசம் டோஸ் ஏத்தினீங்களே, அதுலேர்ந்து. முதல்ல சோறு தங்கல. அப்புறம் தண்ணியே தங்கல.

— ஐயோ. ஊசி அனுப்பறதுக்கு முன்னாடி மாசாமாசம் ஒரு படிவம் கேக்கறோமே? வாந்தி உண்டாங்கறதுதானே முதல் கேள்வி? அஞ்சு தடவையும் 'இல்லை'ன்னு வந்திருக்கு. அதை நம்பித்தான் நான் டோஸை ஏத்திக்கிட்டே போனேன்.

— உண்டுன்னு போட்டா ஏத்தியிருப்பீங்களா?

— நிறுத்தியிருப்பேன்.

— அதான். எங்களுக்கு நாள் இல்ல டாக்டரம்மா. போன வாரம் அவளுக்கு ஊசி குத்த ரெண்டு கையிலயும் இடம் தேடினாங்க. அவ பல்லைக் கடிச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. சீக்கிரம் குறைச்சா சீக்கிரம் குடுத்துடலாம்னு நெனச்சேன். இதுல என்ன தப்பு?

— உடம்பு தண்ணியில்லாமக் காஞ்சு, அந்த அடி கிட்னி மேல விழுந்திருக்கு சார். ஊசியை இன்னியோட நிறுத்துங்க. லெட்டரெல்லாம் அப்புறம். இப்பவே கிளம்பி எமர்ஜென்சிக்குப் போங்க, டிரிப்ஸ் ஏத்தணும்.

— ஏத்தினா சரியாயிடுமா?

— பெரும்பாலும் தேறிடும். நீங்க பிழைச்சுக்கறதுக்கு அது போதும். ஆனா இப்படி அடிபட்ட கிட்னியை உங்ககிட்டேர்ந்து எடுக்க ஒத்துக்கறது கஷ்டம்.

— ரெண்டுல ஒண்ணு கூடவா?

— அடி ரெண்டுக்கும்தான் சார்.

— ஐயோ டாக்டரம்மா. அவளுக்கு வேற யாரும் இல்ல. தம்பிக்குச் சேரல, தங்கச்சிக்குச் சேரல. எனக்குத்தான் சேர்ந்துச்சு. இருபத்திரண்டு வருஷம் சண்டை போட்டவங்களுக்கு நல்ல பொருத்தம்னு ஆஸ்பத்திரியே எழுதிக் குடுத்திருச்சுன்னு அன்னிக்குச் சிரிச்சோம். நானே கெடுத்துட்டேனே. என் கையாலேயே பொய்யா எழுதி அனுப்பி...

— என்னங்க, யார் கையால?

— நீ ஏன் எழுந்து வந்த? போ, போய்ப் படு.

— போனை இப்படித் திருப்புங்க. டாக்டர், நான் இவர் சம்சாரம். எழுத்து பொடிசா இருக்குன்னு முதல் மாசமே இவர் போனை என்கிட்ட குடுத்துட்டார். படிவத்தையெல்லாம் நான்தான் நிரப்பி அனுப்பினேன்.

— அவ மேல தப்பில்ல டாக்டரம்மா! ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன்னு நான் சொன்னதை அவ அப்படியே போட்டா. வாந்தி விஷயமே அவளுக்குத் தெரியாது. பாத்ரூம் குழாயைத் திறந்து விட்டுட்டுத்தான் எடுப்பேன், துளிச் சத்தம் வெளிய வராது.

— வந்துச்சுங்க. தினமும் வந்துச்சு. கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுட்டுத்தான் 'இல்லை'ன்னு போட்டேன் டாக்டர், எனக்குச் சாகப் பயமா இருந்துச்சு.