கரையில் ஒலித்த போன்

ட்ரௌட் மீனுக்குச் சூடு ஆகாது. ஓடையில் தண்ணீர் குறைந்து வெதுவெதுப்பானால் மூச்சுத் திணறிச் செத்துவிடும். படித்துத் தெரிந்துகொண்டதுதான், எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்த மீன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

தடுப்பணையில் வேலை. ஓடையை மறித்து நகரத்துக் குடிநீருக்குத் திருப்புகிறோம். மீனுக்கென்று கொஞ்சம் ஓடையிலும் விட வேண்டும். எவ்வளவு என்பதில் ஆறு வருடச் சண்டை. ஓடையில் இறங்கி நின்று ட்ரௌட் பிடிக்கும் தூண்டில் சங்கத்தார் இன்னும் விடு என்பார்கள். விட்டால் மேட்டுத் தெருக் குழாயில் காற்றுதான் வரும். எங்கள் வீடு அந்தத் தெருவில்.

மதகைத் திறக்குமுன், ஓடையில் நிற்பவர்கள் கரையேற மூன்று முறை சங்கு ஊதுவோம். அதில் மீன் மிரள்கிறதாம். மனுக் கொடுத்து நிறுத்தினார்கள். சங்கத்துக்குப் போன் செய்தால் போதும் என்று உத்தரவு வந்தது. ஆபத்து என்று எழுதிக் கொடுத்தேன். கூட்டத்தில் சங்கச் செயலாளர் என் தாளைத் தொடக்கூட இல்லை.

“நீ நம்ம பெட்டிக்காரர் பொண்ணுதானே? அப்பா தங்கமான மனுஷன்மா. கேட்டாத்தான் வாயத் தொறப்பார்.”

எல்லோரும் சிரித்தார்கள், என் மேலதிகாரி உட்பட.

“பேசறது நான் சார். அவரை எதுக்கு இழுக்கறீங்க?”

“படிச்சா இவ்ளோ கோவம் வருமா?” என்றார். மறுபடி சிரிப்பு.

அப்பா அவர்களுக்குக் கூடை சுமப்பவர். தண்ணீரில் இறங்குமுன் எல்லோரும் போனைப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். அவர் கரையில் காவல் இருப்பார். நான் அழைத்தால் அவர்தான் எடுப்பார். “சரிம்மா, ஏறச் சொல்லிடறேன்” என்பார். கால் மணி கழித்துத் திறப்பேன். ஒரு வருடமாக ஒரு பிசகும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை அணை நிறைந்திருந்தது. பத்து மணிக்குச் செயலாளரின் எண்ணை அழைத்தேன். ஒலித்து ஓய்ந்தது. இன்னொரு முறை அழைத்தேன். இரண்டு நேரத்தையும் பதிவேட்டில் குறித்தேன். அழைக்க வேண்டும் என்றுதான் உத்தரவு. யாராவது எடுக்க வேண்டும் என்று அதில் இல்லை. கால் மணி காத்திருந்தேன். மதகைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துவது வழக்கம். அன்று இரண்டு மதகையும் ஒரேயடியாக உயர்த்தினேன்.

ஐந்து பேர். செயலாளர் மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கிடைத்தார். ஆறு வருடமாகக் கேட்ட தண்ணீர்தான் அது. மறுநாள் அளந்து பார்த்தேன், ஓடை நன்றாகக் குளிர்ந்திருந்தது.

அன்று மட்டும் பெட்டிக்காரர் ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள். முதுகுவலி என்று அப்பா சொல்லியிருப்பார். அவருக்கு முதுகு வலிக்கவில்லை. அப்படிச் சொல்லிவிட்டு வீட்டில் இருக்கும்படி காலையில் சொன்னது நான்.

செருப்பைக் கழற்றிக்கொண்டே, “அப்போ போனை யாரும்மா எடுப்பா?” என்று கேட்டார்.

“அவங்களே எடுத்துப்பாங்கப்பா” என்றேன்.