ஒன்பதாம் பக்கம்

— கிளட்சை மெதுவா விடு... மெதுவா. கார் என்ன தவளையா, இப்படிக் குதிக்குது?

— அப்பா, எனக்கு லைசென்ஸ் கிடைச்சு ரெண்டு வருஷம் ஆச்சு.

— குடுத்தவனைச் சொல்லணும்.

— கத்துக்குடுத்தது நீங்க.

— அந்தப் பயத்துலதான் என் கால் எப்பவும் இந்தப் பக்கத்து பிரேக் மேல இருக்கு. சரி, கேட்டைத் தாண்டியாச்சு. இப்பவாவது சொல்லு. உள்ள என்ன கேட்டாங்க?

— உட்காருன்னாங்க. உட்கார்ந்தேன்.

— அப்புறம்?

— எந்திரின்னாங்க.

— மூணு மணி நேரமா உட்கார்ந்து எந்திரிச்சியா?

— பட்டாளம்னா அப்படித்தான்ப்பா இருக்கும்.

— விளையாடாதே. உங்கம்மா நாலு தடவை போன் பண்ணிட்டா. நான் எடுக்கலை. எடுத்து என்னன்னு சொல்ல? எடுத்துக்கிட்டாங்களா இல்லையா?

— எதை?

— உன்னைத்தான். அந்த லாரி ஓட்டற பிரிவுல.

— இண்டிகேட்டர் போடட்டுமா, பதில் சொல்லட்டுமா?

— ...முதல்ல இண்டிகேட்டர்.

— போட்டாச்சு. இனிமே திருப்பத்துல பேசக் கூடாது. உங்க பாடம்தான்.

— பட்டாளத்து லாரியில உன் பக்கத்துல இன்னொரு பிரேக் வச்சுக்கிட்டு எவனும் உட்கார்ந்திருக்க மாட்டான், தெரிஞ்சுக்கோ.

— அதுக்குத்தானே போறேன்.

— ம்... அந்தப் பதினாலாவது கேள்வி வந்துதா?

— வந்துது.

— 'உங்கள் மீது எப்போதாவது வழக்கு...'

— '...பதிவானது உண்டா? தள்ளுபடி ஆகியிருந்தாலும் குறிப்பிடவும்.' மனப்பாடமே பண்ணிட்டீங்களா?

— ஒரு மாசமா அந்த விண்ணப்பத் தாளைத்தானே பாத்துட்டிருக்கேன். 'இல்லை'ன்னு போட்டேல்ல?

— 'ஆம்'னு போட்டேன்... அப்பா, பிரேக்கை விடுங்க. பின்னாடி ஹாரன் அடிக்கறாங்க.

— படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. பதினாறு வயசுல நடந்தது. ஜட்ஜம்மாவே தள்ளிட்டாங்க. சின்னப் பிள்ளைங்க கேஸை உள்ள வச்சுப் பூட்டிடுவாங்க, ஒருத்தர் கண்ணுலயும் படாதுன்னு சொன்னேனா இல்லையா?

— சொன்னீங்க. ஆனா இவங்க முதல் நாளே சொல்லிட்டாங்க. கேஸ் இருந்தா உட்கார்ந்து பேசலாம், பொய் இருந்தா பேச ஒண்ணுமில்லைன்னு.

— வெறும் 'ஆம்' போட்டா விடுவாங்களா? காகிதம் கேப்பாங்களே.

— கேட்டாங்க. குடுத்தேன்.

— எதை?

— கேஸ் ஃபைலோட நகலை. செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக்குப் போய் வாங்கிட்டு வந்தேன்.

— செவ்வாய்க்கிழமை பல் வலின்னு டாக்டர்கிட்ட போனே.

— பல்லு நல்லாத்தான் இருக்கு. எதுக்கு ஜன்னலை இறக்கறீங்க?

— புழுக்கமா இருக்கு. அந்த நகல்... கடைசி உத்தரவு மட்டும்தானே? ஒரு பக்கம்?

— பன்னெண்டு பக்கம்.

— பன்னெண்டுமா குடுத்தாங்க?

— பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தி.

— படிச்சியா?

— நம்ம கதையாச்சே, படிக்காம இருப்பேனா? நல்லா எழுதியிருக்காங்கப்பா. 'பள்ளிச் சீருடையில் இருந்த அப்பெண் அழுதபடி காணப்பட்டார்.' நான் எங்க அழுதேன்?

— அழுதே. நான் ஸ்டேஷனுக்கு வந்தப்ப மூக்கு தக்காளி மாதிரி இருந்துது.

— அது சளி.

— நாலு மணி நேரமா சளி.

— இன்னொண்ணும் எழுதியிருக்கு. பையில இருந்த போதை மாத்திரையெல்லாம் அதை விக்கற நெட்டையன் குடுத்தனுப்பினது, நான் ஒண்ணைக்கூட வாயில போட்டதில்லைன்னு சொன்னேனாம். அடுத்த பக்கத்துலயே ரத்தப் பரிசோதனை முடிவு.

— அந்த முடிவை ஸ்டேஷன்ல என்கிட்ட சொன்னப்ப எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசி.

— ...தெரியும்ப்பா.

— சரி விடு. அதான் எட்டு மாசம் ஆஸ்பத்திரிக்கு ஒழுங்கா வந்தேல்ல.

— சனிக்கிழமை சனிக்கிழமை. இதே கார்ல. உங்ககிட்ட வண்டி பழக வர்றவங்க முன்னாடி ஓட்ட, நான் பின் சீட்டுல. கூரை மேல பழகுநர் பலகை வேற. அப்படிச் சிகிச்சைக்குப் போன ஆள் நான் ஒருத்திதான்.

— அந்த பேங்க்கார அம்மா ஆஸ்பத்திரி வாசல்ல பூந்தொட்டி மேலயே ஏத்திட்டாங்களே.

— எனக்கு அடுத்த வாரம் உள்ள போகவே வெக்கமா இருந்துது. மாத்திரைக்காக இல்ல. பூந்தொட்டிக்காக.

— சிரிக்காம ரோட்டைப் பாரு. ஆனாலும் அந்த ஜட்ஜம்மா தங்கமானவங்க. பத்துப் பொட்டலத்துக்கு வேற யாரா இருந்தாலும்...

— நாலு.

— என்ன நாலு?

— ஃபைல்ல நாலு பொட்டலம்னுதான் இருக்கு.

— நாலுதான்... நாலுதான். வாய் தவறிடுச்சு.

— எனக்கே அதுல ஒரு குழப்பம்ப்பா. நெட்டையன் குடுத்தது பத்து. நானே எண்ணித்தான் பையில வச்சேன். மறுநாள் காலையில பஸ் ஸ்டாப்ல போலீஸ் எடுத்தது நாலு. நடுவுல ஆறு எங்க போச்சு?

— அவங்களே ஏதாவது...

— இருக்கும்.

— பத்தும் இருந்திருந்தா விக்கறதுக்குன்னு எழுதியிருப்பாங்க. தள்ளுபடியெல்லாம் நினைச்சே பாத்திருக்க முடியாது.

— விவரமாத்தான் தெரிஞ்சு வச்சிருக்கீங்க.

— வக்கீல் சொன்னாரு. பள்ளம் இருக்கு, பாத்து.

— பாத்துட்டேன். மாடி வீட்டம்மாவை நினைச்சாத்தான் பாவமா இருக்கு.

— இப்ப அவங்க எங்கேர்ந்து வந்தாங்க?

— அவங்கதான் போலீஸுக்குப் போன் பண்ணினாங்கன்னு அம்மா நாலு வருஷமா முகம் குடுத்துப் பேசறதில்லையே.

— அவங்களா இருக்காது.

— எப்படிச் சொல்றீங்க?

— அவங்களுக்குத்தான் காது மந்தமாச்சே. போன்ல எப்படிப் பேசுவாங்க?

— பேசறதுக்குக் காது எதுக்கு? அப்படியே இருந்தாலும், அன்னிக்கு அம்மாகிட்ட நீங்க ஏன் இதைச் சொல்லலை? 'எவன்னு தெரிஞ்சா கையை உடைப்பேன்'னு கூடத்துல நின்னு கத்தினதோட சரி.

— அது ஏதோ... அந்த நேரத்து வேகம். அதெல்லாம் ஃபைல்ல போட மாட்டாங்கல்ல?

— எதெல்லாம்?

— தகவல் யார் குடுத்ததுன்னு.

— ஒன்பதாம் பக்கம்... மறுபடியும் பிரேக்ல கால் வைக்கறீங்க.

— வேகத்தடை.

— ரோடு கண்ணாடி மாதிரி இருக்குப்பா.

— என்னன்னு... போட்டிருக்கு?

— சொன்னா கையை உடைப்பீங்களா?

— இல்லம்மா. யாரா இருந்தா என்ன. வேற வழி தெரியாம பண்ணியிருப்பாங்க. சொல்லிப் பாத்து, கெஞ்சிப் பாத்து, பூட்டி வச்சுப் பாத்து...

— நீங்ககூட ஒரு தடவை என்னைப் பூட்டி வச்சீங்க. ஜன்னல் வழியா இறங்கிட்டேன்.

— ஆமா. செருப்புகூடப் போடாம... அந்த மாதிரிதான் சொல்றேன்.

— போன் பண்ணினவர் அப்புறம் நிம்மதியா இருந்திருப்பாரா?

— எங்கேர்ந்து நிம்மதி? நாளைக்கு இந்தப் பொண்ணு ஒரு வேலைக்குப் போய் நின்னு, நாம பண்ணின ஒரு போனால அது கைவிட்டுப் போச்சுன்னா... இதேதான் ஓடிட்டிருக்கும். யார்கிட்டயும் சொல்லவும் முடியாது.

— ம்.

— உனக்கு... அதைப் படிச்சதும் எப்படி இருந்துது?

— கோவம் வந்துது. நல்லாவே வந்துது. கோர்ட் வாசல் படியிலயே உட்கார்ந்துட்டேன். ரெண்டு பஸ்ஸை விட்டேன்.

— மூணாவது?

— ஏறினேன். உட்கார இடமில்ல. நின்னுட்டே வரும்போது நெட்டையன் ஞாபகம் வந்துது. அவனுக்காக யாரும் போன் பண்ணலைல்ல. போன வருஷம் மார்க்கெட் வாசல்ல பாத்தேன், உங்ககிட்ட சொல்லலை. முன்பல்லு ரெண்டும் இல்ல. என்னை 'அக்கா'ன்னு கூப்பிட்டுக் கையை நீட்டினான். என்னைவிட அஞ்சு வயசு பெரியவன்ப்பா அவன். என்னைத் தெரியவே இல்ல அவனுக்கு.

— அதுக்கப்புறம்தான் பட்டாளம் பட்டாளம்னு ஆரம்பிச்சியா?

— அதுவும்தான். ஜட்ஜம்மா கேஸைத் தள்ளினதும் 'நீ போகலாம்'னாங்க, ஞாபகமிருக்கா? சந்தோஷமா வெளிய வந்தேன். எங்க போறதுன்னுதான் தெரியலை. காலையில அஞ்சு மணிக்கு யாராவது எழுப்பி, இங்க போன்னு சொன்னா நல்லாயிருக்கும்னு தோணிச்சு.

— நான் எழுப்பலையா?

— நீங்க எழுப்பிட்டுத் திரும்பப் படுத்துக்குவீங்க.

— அது ஒரு தப்பா? சரி, பேச்சை மாத்தாதே. அந்த அதிகாரியம்மா பன்னெண்டு பக்கத்தையும் படிச்சாங்களா?

— ஒன்பதாம் பக்கத்தை ரெண்டு தடவை படிச்சாங்க. கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல வச்சாங்க. என்னையே பாத்துட்டிருந்தாங்க.

— போச்சு.

— அடுத்த மாசம் அஞ்சாம் தேதி காலையில ஆறு மணிக்கு, ரெண்டு ஜோடி கான்வாஸ் ஷூவோட வந்துருன்னாங்க.

— ...என்ன?

— எடுத்துக்கிட்டாங்கப்பா.

— ஓரமா நிறுத்து.

— இங்க நிறுத்தக் கூடாதுன்னு பலகை இருக்கு.

— நிறுத்தும்மா.

— நிறுத்திட்டேன். கண்ணைத் துடைங்க. போறவங்க எல்லாம் பாக்கறாங்க. நான் எதையோ இடிச்சுட்டேன்னு நினைக்கப் போறாங்க.

— நினைச்சுட்டுப் போகட்டும். அவ்வளவு படிச்சுட்டு, அந்தம்மா உன்னை வேற ஒண்ணுமே கேக்கலையா?

— ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. 'உன்னைப் பிடிச்சுக் குடுத்தவர் மேல இன்னும் கோவம் இருக்கா'ன்னு.

— நீ என்ன சொன்னே?

— 'எனக்குக் கோவம் போயிடுச்சு மேடம், அவருக்குத்தான் இன்னும் பயம் போகலை. வெளியில காருக்குள்ள உட்கார்ந்து நகத்தைக் கடிச்சிட்டிருக்காரு'ன்னு சொன்னேன்.